தொப்பையைக் குறைக்க ஆபரேஷனா? போகும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

பெங்களூருவில் கொழுப்பு நீக்கும் அறுவை சிகிச்சைக்குப் பிறகு, கன்னட சீரியல் நடிகை சேதனா ராஜ் 2022 மே மாதம் உயிரிழந்தார். வயது 21. அழகுக்காகச் செய்வதுதானே என்று இதைச் சாதாரணமாக நினைக்கலாமா? பலரும் கேட்கும் கேள்விகளும் பதில்களும் இதோ.

லைப்போசக்‌ஷன், டம்மி டக்... என்ன வித்தியாசம்?
லைப்போசக்‌ஷனில் தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பை மெல்லிய குழாய் மூலம் உறிஞ்சி எடுப்பார்கள். டம்மி டக்கில் தொங்கும் தோலை வெட்டி நீக்கி, தளர்ந்த வயிற்றுத் தசையை இறுக்கித் தைப்பார்கள்.

வெயிட் குறையுமா?
பெரிதாகக் குறையாது. வடிவம்தான் மாறும். குடலைச் சுற்றியுள்ள கொழுப்பை இதில் எடுக்க முடியாது.

மறுபடி தொப்பை வருமா?
வெயிட் போட்டால் வரும். இன்னொரு குழந்தை வேண்டும் என்பவர்கள் டம்மி டக்கைத் தள்ளிப்போடுவதே நல்லது.

என்ன ஆபத்து?
காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலை அடைக்கலாம். வீட்டுக்கு வந்த பிறகு மூச்சுத்திணறல், நெஞ்சுவலி வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீங்க.

டாக்டரிடம் என்ன கேட்கணும்?
பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரா? மயக்க மருந்து நிபுணர் கூடவே இருப்பாரா? ஐசியூ இருக்கா? பதில் மழுப்பலா இருந்தா, தயங்காம எழுந்து வந்துடுங்க.