கணக்கறியா அறிவுரை

பல்கலைக்கழகத்திற்குப் புறப்படும் பிள்ளைக்கு நம் பெரியோர் தவறாது வழங்கும் அறிவுரை ஒன்றுண்டு: "சங்கம், விழா என்று அலையாதே, படித்துப் பட்டம் வாங்கும் வழியைப் பார்." நல்லெண்ணத்தில் பிறந்த சொல்தான். எனினும், இன்றைய மலேசியப் பல்கலைக்கழக நடைமுறையை அறியாதார் சொல் அது.

அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில், முதலாண்டு கழிந்தபின் விடுதியில் அறை கிடைப்பது புறப்பாட நடவடிக்கைகளில் ஈட்டிய புள்ளிகளையும் பொறுத்தது. அறிவுரையை அப்படியே பின்பற்றும் மாணவன் மறு ஆண்டில் அறையை இழந்து வெளியே வாடகை வீடு தேட நேரும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அஃது ஒரு தொல்லை, அவ்வளவே. பி.டி.பி.டி.என். கடனை நம்பித் தோட்டப்புறத்திலிருந்து வந்தவனுக்கோ? வாடகையும் பேருந்துக் கட்டணமும் அவன் உணவுப் பணத்தை விழுங்கிவிடும். பகுதிநேர வேலைக்குப் போவான். அறிவுரை காக்க நினைத்த படிப்பே அங்கு முதலில் அடிபடும்!

"நேரம் ஏது?" என்பர். எண்ணிப் பார்க்கட்டும். இந்நாட்டுக் கல்வித் தர விதிப்படி ஒரு கிரெடிட்டுக்கு மாணவன் செலுத்த வேண்டிய உழைப்பு 40 மணி நேரம். விரிவுரை, சொந்த வாசிப்பு, தேர்வு எல்லாம் அதனுள் அடங்கும். பருவத்திற்கு 15 கிரெடிட் என்றால் 600 மணி நேரம். தேர்வுக் காலத்தையும் சேர்த்து 17 வாரங்களுக்குப் பகிர்ந்தால், வாரம் ஏறத்தாழ 35 மணி நேரம். நாளும் 8 மணி நேரம் உறங்கினாலும் எஞ்சுவது 77 மணி நேரம். உண்டு, உடுத்து, துணி துவைத்தபின் ஒரு சங்கத்திற்கு அதில் இடமில்லையா?

இடமுண்டு. அதனைப் பாழாக்குவோர் சங்கங்களை நடத்துவோரே. முதலாண்டு மாணவர் நாற்காலி தூக்கவும் நன்கொடைக் கடிதம் சுமக்கவும் பிறந்தவர் என்று கருதும் செயலவைகள் உள்ளன. கலை இரவுக்கான ஒத்திகை நள்ளிரவைத் தாண்டும். மறுநாள் காலை எட்டு மணி விரிவுரையில் இருக்கைகள் காலியாகக் கிடக்கும். மண்டபம் கிடைத்த நாளே விழா நாள். அது தேர்வு வாரமாயினும் கவலையில்லை. மேடையில் மாலை மரியாதைகள் நடக்கும், தமிழ் வளர்ந்ததாகவும் அறிவிக்கப்படும். அதே சங்கத்தில் புள்ளியியலில் திணறும் இளையவனுக்கு, அப்பாடத்தில் தேறிய மூத்தவர் மாலையில் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு உண்டா? அதற்கு மண்டபம் வேண்டா, ஒலிபெருக்கி வேண்டா, நன்கொடையும் வேண்டா. நாளிதழில் படம் வராது. அதனாலோ என்னவோ, அது எவர் திட்டத்திலும் ஏறுவதில்லை.

ஆண்டுத் திட்டம் வகுக்கும் நாளில் செயலவையின் மேசைமீது முதலில் விரிக்கப்பட வேண்டியது தேர்வு அட்டவணை. இரவு பத்து மணிக்குமேல் ஒத்திகை இல்லை என்று தீர்மானம் எழுத எத்தனை வரி வேண்டும்? பெற்றோரும், "சங்கத்தில் சேராதே" என்பதை விடுத்து, "எந்தச் சங்கத்தில் சேர்ந்தாய்? எத்தனை மணிக்கு உன்னை அறைக்கு அனுப்புகிறார்கள்?" என்று கேட்கட்டும்.