91-ஆம் நாள் கேட்பார் யார்?

சவூதி அரேபியாவின் குடியிருப்பு அனுமதியை நம் பக்கத்து ஆட்கள் அக்காமா என்பார்கள். உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் அட்டை. அதில் ஒரு புகைப்படம், 2-இல் தொடங்கும் பத்து இலக்க எண், செய்யும் வேலை, கபீல் எனப்படும் முதலாளியின் பெயர். தியாகதுருகம் மலையடிவாரத் தெரு ஒன்றில் ஒரு தாய், மகன் அனுப்பிய அந்த அட்டையின் படத்தைக் கைப்பேசியில் நமக்குக் காட்டினார். கீறல் விழாத அட்டை. "கார்டு நல்லாத்தான் இருக்குது சார், ஆனா செல்லாதுன்றான்" என்றார்.

அவர் சொன்னது சரி. 2015 முதல் சவூதி அரசு தரும் அட்டைக்கு ஆயுள் ஐந்தாண்டு. அட்டைக்குப் பின்னால் இருக்கும் அனுமதியை முதலாளிதான் கெடு தவறாமல் பணம் கட்டிக் கணினியில் புதுப்பித்துவர வேண்டும். அவர் கட்டாமல் விட்டால் சட்டைப்பையில் உள்ள அட்டையைப் பார்த்து எவருக்கும் அது தெரியாது. தெருச் சோதனையில் போலீஸ்காரர் எண்ணைத் தட்டும்போதுதான் தெரியும்.

அந்தத் தாயின் கணவர் இறந்தபோது மகன் வரவில்லை. பங்காளி வீட்டுப் பையன் கொள்ளிச் சட்டி தூக்கினான். இன்னொருவன் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி சுடுகாடு வரை கூடவே நடந்தான். வாட்ஸ்அப் திரைக்குள் மகன் அழுதுகொண்டிருந்தான். விடுப்பில் ஊர் வந்து திரும்ப எக்சிட் ரீ-என்ட்ரி விசா வேண்டும்; அதற்கு அக்காமா உயிரோடு இருக்க வேண்டும். ஒரேயடியாக வேலையை விட்டு வருவதற்கும் அதே நிபந்தனைதான். அனுமதி செத்துப்போனவன் வேலைக்கும் ஆகாதவன், வீட்டுக்கும் போக முடியாதவன்.

தவறு யாருடையது? சவூதியின் தொழிலாளர் சட்டமே பதில் சொல்கிறது. 2005-இல் அரச ஆணையாக வந்த அச்சட்டத்தின் 40-ஆம் பிரிவுப்படி, வெளிநாட்டுத் தொழிலாளியை வரவழைக்கும் செலவு, அக்காமா கட்டணம், வேலை அனுமதிக் கட்டணம், அவற்றைப் புதுப்பிக்கும் செலவு, தாமதமானால் விழும் அபராதம், முடிவில் ஊர் திரும்பும் டிக்கெட் எல்லாமே முதலாளியின் பொறுப்பு. தொழிலாளி வந்து இறங்கிய 90 நாளுக்குள் அக்காமா எடுத்துத் தந்தாக வேண்டும். புதுப்பிக்கத் தவறினால் முதல்முறை 500 ரியால், இரண்டாம்முறை 1,000 ரியால் அபராதம். மூன்றாம்முறை தவறினால் நாடு கடத்தல். முதலாளியை எங்கே கடத்துவது? அவர் அந்த ஊர்க்காரர். தவறு செய்தவர் வீட்டில் இருக்கிறார். தவறு செய்யாதவன் 'தர்ஹீல்' என்னும் நாடுகடத்தல் முகாமில் கைரேகை வைத்துவிட்டு, மறுபடி அந்த நாட்டுக்குள் நுழையத் தடையும் வாங்கிக்கொண்டு, வெறுங்கையோடு விமானம் ஏறுகிறான். இந்த அநீதியை எழுதும்போது கை நடுங்குகிறது.

முதலாளிகள் ஏன் கட்டாமல் விடுகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். சவூதிக்காரர்களைவிட வெளிநாட்டவர் அதிகமுள்ள தனியார் நிறுவனம் 2020 முதல் ஒவ்வொரு வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் மாதம் 800 ரியால் அரசுக்குக் கட்ட வேண்டும். ஆண்டுக்கு 9,600. அக்காமாவுக்கு 650. இரண்டும் சேர்ந்து 10,250 ரியால்; மருத்துவக் காப்பீடு தனி. ஆளின் சம்பளம் மாதம் 1,500 ரியால் என்றால் ஏறக்குறைய ஏழு மாதச் சம்பளம் அரசுக்கே போகிறது. சின்ன ஒப்பந்தக்காரருக்கு வேலை குறைந்ததும் முதலில் நிற்பது இந்தப் பணம்தான். தொழிற்சாலைகளுக்கும் மிகச் சிறிய கடைகளுக்கும் சலுகை உண்டு என்றாலும், கட்டட வேலைக்கும் பராமரிப்பு வேலைக்கும் போகும் நம் ஆட்கள் பெரும்பாலும் அந்தச் சலுகைக்கு வெளியே நிற்கிறார்கள். வீட்டு டிரைவர் விஷயத்தில் இந்தச் சாக்கும் கிடையாது. அவருக்கான அக்காமா ஆண்டுக்கு 600 ரியால்தான். 600 ரியாலைக் கட்ட மனமில்லாத கபீலின் வீட்டில், நம் ஊர்ப் பிள்ளை இரவு பகலாக அவர் குடும்பத்தைக் காரில் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறான்.

சவூதி அரசுக்கு ஆணையிட நம்மால் முடியாது. ஆனால் இந்தப் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி கொடுத்து அனுப்பியது நம் அரசு. அந்த அரசைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு, கேட்கிறோம்.

1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். கல்வராயன் மலையிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் பள்ளியைப் பாதியில் விட்ட பையனைக் காக்கத்தான் அந்த விதி. பாதுகாவலர் என்ற பதவிப் பெயரே பழையது. பழைய தென்னாற்காட்டு ஆட்களைக் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றிய ஒப்பந்தக் கூலிக் காலத்திலும் அப்படி ஓர் அதிகாரி இருந்தார். ஆள் கப்பலேறியதும் அவர் வேலை முடிந்தது. இன்று கையில் கணினி இருக்கிறது. இ-மைக்ரேட் தளத்தில் வெளிநாட்டு முதலாளி பெயரைப் பதிய வேண்டும். வேலை ஒப்பந்தம் ஏற வேண்டும். ஏஜெண்டின் உரிம எண், தொழிலாளியின் பாஸ்போர்ட் எண், கைப்பேசி எண், காப்பீட்டு எண் எல்லாம் இருக்கின்றன. யார், யாரிடம், என்ன சம்பளத்துக்கு, எந்தத் தேதியில் போனான் என்பதை அரசு அறியும். 90 நாளில் அக்காமா வந்திருக்க வேண்டும் என்பதும் அரசுக்குத் தெரியும். அப்படியானால் 91-ஆம் நாள் காலையில் அவனுக்கு ஒரு குறுஞ்செய்தியாவது போக வேண்டாமா? "அக்காமா கைக்கு வந்ததா? ஆம் என்றால் 1, இல்லை என்றால் 2." கேஸ் சிலிண்டர் வந்ததா என்று கேட்கத் தெரிந்த நாட்டில், அந்நிய மண்ணில் நிற்கும் குடிமகனைப் பார்த்து இந்த ஒரு கேள்வியைக் கேட்க ஆளில்லை. கேட்காதது அலட்சியம். அதைக் கண்டிக்கிறோம்.

அந்தக் கேள்விக்கு வரும் பதிலால் பயனும் உண்டு. 2021 மார்ச் 14 முதல் சவூதியில் ஒரு சீர்திருத்தம் நடப்பில் இருக்கிறது. வந்து 90 நாளாகியும் ஆவணங்களை முதலாளி முறைப்படுத்தாவிட்டால், அல்லது அக்காமா காலாவதியாகிவிட்டால், தொடர்ந்து மூன்று மாதம் சம்பளம் தராவிட்டால், அவர் சம்மதம் இல்லாமலே தொழிலாளி வேறு முதலாளிக்கு மாறலாம். வீட்டு டிரைவர், வீட்டு வேலைக்காரர், ஆடு மேய்ப்பவர் போன்றோரை அந்தச் சீர்திருத்தம் சேர்த்துக்கொள்ளவில்லை. மற்றவர்களுக்கு இது கிடைத்த வாசல். நம்மவர்களில் எத்தனை பேருக்கு இந்த வாசல் தெரியும்? புறப்படும் முன் ஒருநாள் பயிற்சி என்று ஒன்று இருக்கிறது. அந்த நாளில் இதை எழுத்துக்கூட்டிச் சொல்லித்தர வேண்டும். தெரியாமல் இருப்பதால்தான் பையன் பயந்து, பழைய கபீலை விட்டு ஓடிப்போய் எங்கோ கள்ளத்தனமாக வேலை செய்கிறான். உடனே கபீல் 'ஹுரூப்' போடுகிறார். அதாவது ஆள் ஓடிவிட்டான் என்று பதிகிறார். அதுவரை நியாயம் தொழிலாளி பக்கம் இருந்தது. அந்தப் பதிவுக்குப் பிறகு கணக்கில் அவன் குற்றவாளி.

இனி ஏஜெண்டுகள். உரிமம் பெற்றவர் ஓர் ஆளிடம் வாங்கத்தக்க சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும்தான். இந்த வட்டாரத்தில் லட்சத்துக்குக் குறைந்து கேட்டவரை நாம் பார்த்ததில்லை. கேட்பவரும் உரிமம் பெற்றவர் இல்லை. டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் சப் ஏஜெண்ட். சட்டத்தில் சப் ஏஜெண்ட் என்று ஒரு ஆளே கிடையாது. "தம்பி, போய் இறங்குனதும் அக்காமா அடிச்சுக் குடுத்துடுவாங்க, ஒண்ணும் பயப்படாத" என்கிறார். நகையை அடகு வைத்தும், கரும்பு வெட்டிய பணத்தைப் போட்டும், வட்டிக்கு வாங்கியும் கொடுக்கிறார்கள். ரசீது கேட்டால், "நம்ம ஊருக்காரன்கிட்டயே ரசீதா?" என்று முகம் சுளிக்கிறார். உரிமம் இல்லாமல் ஆள் அனுப்பினால் 1983 சட்டத்தின் 24-ஆம் பிரிவு விதிக்கும் தண்டனை இரண்டாண்டு வரை சிறையும், 2,000 ரூபாய் வரை அபராதமும். இரண்டாயிரம் ரூபாய்! ஓர் ஆளிடம் லட்சம் வாங்குகிறவருக்கு அது ஒரு வேளை விருந்துச் செலவு. இந்தச் சட்டத்தை மாற்ற 2019-இல் ஒரு வரைவு வந்தது, 2021-இல் இன்னொன்று, 2025-இல் மற்றொன்று. ஒவ்வொரு முறையும் மக்கள் கருத்துக் கேட்டார்கள். சப் ஏஜெண்ட் மட்டும் டீக்கடையை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

அவர்கள் கண்டுபிடித்த குறுக்குவழிகள் இரண்டு. ஒன்று விசிட் விசா. "முதல்ல விசிட்ல போ, அங்க போய் மாத்திக்கலாம்." சுற்றுலா என்று சொல்லிப் போவதால் பாதுகாவலரின் அனுமதி தேவைப்படாது, ஒப்பந்தம் பதிவாகாது, இரண்டாண்டுக்கு 275 ரூபாய் கட்டினால் 10 லட்ச ரூபாய் காப்பீடு தரும் பிரவாசி பாரதிய பீமா திட்டமும் கைவிட்டுப் போகும். விசிட் காலம் முடிந்த மறுநாளே பையன் சட்டவிரோதி. அமீரகத்தில் நாளொன்றுக்கு 50 திர்ஹம் அபராதம் ஓடத் தொடங்கும். இன்னொன்று 'ஃப்ரீ விசா'. விசாவில் பெயர் உள்ள கபீலிடம் வேலையே இருக்காது. வெளியில் எங்காவது வேலை தேடிக்கொண்டு, கபீலுக்கு மாதாமாதம் கப்பம் கட்டி, மேலே சொன்ன பத்தாயிரத்துச் சொச்சம் ரியாலையும் தானே கட்ட வேண்டும். ஃப்ரீ விசா என்று எந்த நாட்டுச் சட்டத்திலும் இல்லை. இருப்பதாகச் சொல்லிப் பணம் வாங்குகிறவர் மோசடிக்காரர். நம் தெருவில் குடியிருப்பவர், நம் சாதிக்காரர், நம் ஜமாஅத்துக்காரர், நம் மாமன் மச்சான் என்று பார்த்துப் பார்த்துப் புகார் கொடுக்காமல் விட்டவர்கள் நாம்தான். அந்தக் கண்டனத்தில் நமக்கும் பங்கு உண்டு.

மாநில அரசுக்கு வருவோம். அயலகத் தமிழருக்கென்று தனி ஆணையரகம் இருக்கிறது. நல வாரியம் இருக்கிறது. ஜனவரி 12 அயலகத் தமிழர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. 1978 முதல் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இயங்குகிறது. இவையெல்லாம் சென்னையில். தியாகதுருகத்திலிருந்து சென்னை இருநூறு கிலோமீட்டருக்கு மேல். இங்குள்ள தாய்க்குத் தெரிந்த ஒரே வாசல் கள்ளக்குறிச்சியில் திங்கள்தோறும் நடக்கும் குறைதீர்க்கும் நாள் கூட்டம். பாஸ்போர்ட் நகல், அக்காமா நகல், விசா நகல் என்று ஜெராக்ஸ் கட்டோடு வரிசையில் நிற்கிறார். மனு ஆட்சியரகத்திலிருந்து சென்னைக்கும், சென்னையிலிருந்து டெல்லிக்கும், டெல்லியிலிருந்து ரியாத் தூதரகத்துக்கும் போக வேண்டும். அங்கிருந்து கபீலுக்குக் கடிதம் போகும். கபீல் பதில் போடாவிட்டால்? அந்தக் கேள்விக்கு அந்த வரிசையில் யாரும் பதில் சொல்வதில்லை. 2019 நவம்பர் 26-இல் பிறந்த மாவட்டம் இது. சட்டமன்றத்திலும் மேடையிலும் இதன் வளர்ச்சியைப் பேசிய எவரும், வளைகுடாவில் இந்த மாவட்டத்தார் எத்தனை பேர், அவர்களில் அக்காமா இல்லாதவர் எத்தனை பேர் என்ற கணக்கை மக்கள் முன் வைத்ததில்லை.

பொதுமன்னிப்பு வரும்போது மட்டும் எல்லாருக்கும் சுறுசுறுப்பு வந்துவிடுகிறது. சவூதியில் 2013-லும் 2017-லும் வந்தது. குவைத்தில் 2018-லும் 2024-லும், அமீரகத்தில் 2018-லும் 2024-லும் வந்தது. தூதரகத்தில் வரிசை, விமான நிலையத்தில் வரவேற்பு, செய்தித்தாளில் படம். முதலாளி பணம் கட்டாததால் சட்டவிரோதி ஆனவனை எதற்காக மன்னிப்பது என்று இந்திய அரசு ஒருமுறையாவது அந்த நாடுகளைக் கேட்டிருக்க வேண்டும். அவனுக்கு வரவேண்டியது மன்னிப்பு இல்லை, சம்பள பாக்கி.

வெளியுறவு அமைச்சகம் இ-மைக்ரேட் தளத்தில் 91-ஆம் நாள் விசாரணையைக் கட்டாயமாக்க வேண்டும். அக்காமா எண் பதிவாகாத ஒவ்வொரு பெயருக்கும் அனுப்பிய ஏஜெண்ட் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். உரிமத்துக்காக அவர் கட்டியிருக்கும் வங்கி உத்தரவாதம், பெரிய ஏஜெண்ட் என்றால் 50 லட்ச ரூபாய், சிக்கிய தொழிலாளியைத் திருப்பி அழைத்துவரவும் பயன்பட வேண்டியது; அதில் கை வைக்க அரசு தயங்கக் கூடாது. இரண்டாம்முறை ஆளை அக்காமா இல்லாமல் விட்ட முதலாளிக்கு இந்தியாவிலிருந்து இன்னொரு ஆள் போகக் கூடாது. 2,000 ரூபாய் என்ற அபராதத்தை மாற்றும் பேச்சை இனியும் வரைவிலேயே வைத்திருக்காமல், அபராதத்தை வாங்கிய பணத்தின் பல மடங்காக ஆக்கி இந்தக் கூட்டத்தொடரிலேயே சட்டமாக்க வேண்டும். கபீல் கட்டாத அபராதத்தைத் தொழிலாளி தலையில் கட்டும்போதெல்லாம், 2009-இல் தொடங்கிய இந்தியச் சமுதாய நல நிதியிலிருந்து தூதரகம் முதலில் செலவழித்து ஆளை ஊருக்கு அனுப்பட்டும். பிறகு அந்தக் கபீலிடம் வசூலிக்கும் வழக்கை நடத்தட்டும்.

மாவட்ட ஆட்சியர் டெல்லி உத்தரவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. தியாகதுருகம், சின்னசேலம், சங்கராபுரம், திருக்கோவிலூர், உளுந்தூர்பேட்டை, கல்வராயன் மலை என ஊர் ஊராக, கிராம நிர்வாக அலுவலரும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கலாம். வளைகுடாவில் யார் இருக்கிறார், எந்தக் கபீலிடம், அக்காமா எந்தத் தேதி வரை, பணம் வாங்கியது யார் என்ற நான்கு கேள்விகள் போதும். நான்காவது கேள்விக்கு வரும் பெயர்கள் அன்றைக்கே மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் மேசைக்குப் போக வேண்டும். பட்டியல் அடுத்த குறைதீர்க்கும் நாளுக்குள் தயாராகட்டும். மலையடிவாரத் தெருவில் அந்தத் தாய் இன்னும் காத்திருக்கிறார். கணவரின் முதல் திதிக்காவது மகன் வருவானா என்று கேட்கிறார்.