நாளைக்கு ஜீப் வராது

விடியற்காலை நாலரை மணிக்குப் போடிநாயக்கனூர்த் தெருமுனைகளில் பெண்கள் ஜீப்புக்குக் காத்து நிற்பார்கள். ஒரு கையில் தூக்குவாளி, இன்னொரு கையில் பழைய முழுக்கைச் சட்டையும் மழைக்குப் போர்த்த பிளாஸ்டிக் தாளும் திணித்த பை. போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி, கேரள எல்லைக்குள் இருக்கும் ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிறவர்கள். என் அம்மா இருபது வருடத்துக்கு மேல் அப்படிப் போனவர். ஏலக்காய் நிமிர்ந்து நின்று பறிக்கிற காயில்லை. செடியின் தூரிலிருந்து தரையோடு தரையாக ஓடும் சரத்தில் காய்க்கும். நாள் முழுக்கக் குனிந்தே, விளைந்த காயை மட்டும் பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமையிலும் அம்மாவின் விரல் நுனிகள் கறுப்பாகத்தான் இருக்கும்.

நான் பள்ளியில் படித்தபோது நடந்தது இது. ஒருநாள் அம்மா ஓட்டுநரிடம் கேட்டுவிட்டார். "ஏப்பா, இத்தனை பேரை அடைச்சா வளைவுல வண்டி எப்படித் திரும்பும்?" அவ்வளவுதான் கேட்டது. யாரும் திட்டவில்லை, வேலைக்கு வராதே என்றும் சொல்லவில்லை. மறுநாள் ஜீப் எங்கள் தெருமுனையில் நிற்காமல் போனது. அதற்கு மறுநாளும் நிற்கவில்லை. பக்கத்து வீட்டு அத்தை வந்து, "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ல மதினி" என்று வருத்தப்பட்டார். பதினோரு நாள் அம்மா விடியலில் எழுந்து, சோறு பொங்கி, தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இந்தத் தண்டனை நன்றாகத் தெரியும். பேசினால் நாளைக்கு ஜீப் வராது.

போன ஞாயிறு தொலைக்காட்சியில் 'மைனா' ஓடியது. அம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். 2010 நவம்பர் 5, தீபாவளியன்று வெளியான படம். பிரபு சாலமன் அதை எடுத்தது எங்கள் குரங்கணியில். போடியிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். அங்கிருந்து மலைமேல் நடந்தால் டாப் ஸ்டேஷன். அதற்கு அந்தப் பக்கம் மூணாறு. ஒரு காலத்தில் மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவட வழியாகக் கொட்டகுடிக்கு இறங்கியது இந்தச் சரிவில்தான்.

இந்தச் சரிவில் பாவாடை தாவணியில் ஓடிவந்த நாயகி அமலா பாலுக்குப் படம் வந்தபோது வயது 19. அதற்குச் சில மாதங்களுக்கு முன் அவர் நடித்து வந்த 'சிந்து சமவெளி' கடும் எதிர்ப்பைச் சந்தித்திருந்தது. சினிமாவில் தொடக்கத்திலேயே அப்படி ஒரு சறுக்கல் வந்தால், பலருக்குக் கதை அத்தோடு முடிந்துவிடும். ஆலுவாவிலிருந்து வந்த அந்தப் பெண்ணை 'மைனா' தமிழ்நாட்டு வீடுகளுக்குள் கொண்டுவந்து சேர்த்தது. அடுத்து 'தெய்வத்திருமகள்', 'வேலையில்லா பட்டதாரி', 'அம்மா கணக்கு' என்று வரிசையாகப் படங்கள். திருமணம் நடந்தது, முறிந்தது. அதையும் ஊரே கூடிப் பேசித் தீர்ப்புச் சொன்னது.

நான் அமலாவைக் கவனிக்கத் தொடங்கியது 2018-இல். ஜனவரி கடைசியில் சென்னை தியாகராய நகரில் நடனப் பயிற்சி நடந்த இடத்துக்கு ஒருவர் வந்து தகாத முறையில் பேசினார் என்று, அவரே நேராகக் காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தார். 'மீ டூ' அலை நம் பக்கம் அடிப்பதற்கு எட்டு மாதம் முன்பு அது. அந்த அக்டோபரில் கவிஞர் லீனா மணிமேகலை தனக்கு நேர்ந்த பாலியல் தொல்லையைச் சொன்னபோது, அவர் பக்கம் நின்று பேசியவர்களில் அமலாவும் ஒருவர்.

2019 ஜூனில் அவருக்கும் ஜீப் வரவில்லை. ஒப்பந்தமாகியிருந்த பெரிய படமொன்றிலிருந்து நீக்கப்பட்டார். தயாரிப்புத் தரப்புக்கு ஒத்துவராதவர் என்று காரணம் சொல்லப்பட்டது. பெரும்பாலான நடிகைகள் இந்த இடத்தில் 'தேதி பிரச்சினை' என்று சொல்லி ஒதுங்கிக்கொள்வார்கள். அமலா விரிவாக ஓர் அறிக்கை வெளியிட்டார். முந்தைய படங்களில் சம்பளத்தை எப்படியெல்லாம் விட்டுக்கொடுத்தார் என்று விவரித்தார். தான் நடித்த 'ஆடை' படத்தின் முன்னோட்டம் வந்த பிறகே இந்த நீக்கம் என்பதைச் சுட்டிக்காட்டி, இதன் பின்னால் இருப்பது ஆணாதிக்க மனம் என்று பெயர் வைத்தே சொன்னார். தயாரிப்புத் தரப்புக்கும் சொல்ல ஒரு கதை இருக்கலாம். ஆனால் வேலை இழந்த பெண் காரணத்தைத் தன் வாயாலேயே சொன்னது எனக்கு முக்கியமாகப் பட்டது. என் அம்மா பதினோரு நாளும் தலைவலி என்றுதான் பக்கத்து வீடுகளில் சொல்லிக்கொண்டிருந்தார்.

இது நேற்று தொடங்கிய கதை இல்லை. 1950-களில் 'மிஸ்ஸியம்மா' தெலுங்குப் பதிப்பில் நடித்துக்கொண்டிருந்த நடிகை பானுமதி, படப்பிடிப்புக்குத் தாமதமாக வந்ததற்கு மன்னிப்புக் கேட்க மறுத்தார் என்பதற்காக விலக்கப்பட்டார். அந்த இடத்துக்கு வந்தவர்தான் சாவித்திரி. பானுமதிக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. சொந்தமாகப் பரணி பிக்சர்ஸ் இருந்தது. 1953-லேயே 'சண்டிராணி'யை மூன்று மொழிகளில் இயக்கியிருந்தார். சொந்த ஜீப் வைத்திருந்தவர், அதனால் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லாமல் இருந்தது. அமலாவும் அந்த வழியைத்தான் பிடித்தார். 2022-இல் 'கடாவர்' படத்தைத் தானே தயாரித்து நடித்தார். இதை நம் ஊரில் பேராசை என்பார்கள். ஆண் சொந்தப் படம் எடுத்தால் அதற்குப் பெயர் துணிச்சல்.

ஆனால் எல்லாப் பெண்ணாலும் ஜீப் வாங்க முடியாது. கேரளத் திரையுலகைப் பற்றி ஹேமா கமிட்டி 2019 டிசம்பரில் கொடுத்த அறிக்கை, 2024 ஆகஸ்டில்தான் வெளியே வந்தது. புகார் சொன்னால் அடுத்த படத்துக்கு அழைப்பு வராது என்ற பயத்தில் பெண்கள் வாய்மூடிக் கிடப்பதை அது பதிவு செய்திருக்கிறது. அதைப் படித்தபோது எனக்குப் போடித் தெருமுனைதான் நினைவுக்கு வந்தது. கேமரா முன்னால் நிற்கிறவளும் ஏலச்சரத்தின் முன்னால் குனிகிறவளும் ஒரே பயத்தில் இருக்கிறார்கள்.

அந்தப் பயத்தை உடைத்தவர்களும் இந்த மலைக்காரர்களே. 2015 செப்டம்பரில், டாப் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம், மூணாறுத் தேயிலைத் தோட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தமிழ் பேசும் குடும்பத்துப் பெண்கள். 'பெண்பிளை ஒருமை' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். தொழிற்சங்கத் தலைவர்களான ஆண்களைப் பக்கத்தில் விடவில்லை. 20 சதவீத போனஸ் கேட்டு, அதை வாங்கிக்கொண்டே எழுந்தார்கள். ஒருத்தியைக் கூப்பிடாமல் விடலாம், ஆயிரம் பேரைக் கூப்பிடாமல் விட்டால் தேயிலை செடியிலேயே முற்றிப்போகும்.

என் அம்மாவின் கதைக்கும் அப்படித்தான் முடிவு வந்தது. பன்னிரண்டாம் நாள் ஜீப் எங்கள் தெருமுனையில் நின்றது. வண்டியில் ஏற்கெனவே ஏறியிருந்த நாலு பெண்கள், "அக்கா ஏறாம வண்டி போச்சுன்னா நாங்களும் இறங்கிக்கிறோம்" என்று சொல்லியிருக்கிறார்கள். அதில் பக்கத்து வீட்டு அத்தையும் ஒருவர். அன்றைக்கு வண்டியில் மூன்று பேர் குறைவாக ஏற்றினார்கள்.

அமலா பாலின் படங்கள் எல்லாமே நல்ல படங்கள் என்று நான் சொல்லவில்லை. அவர் சொன்னது ஒவ்வொன்றும் சரி என்றும் சொல்லவில்லை. விழுந்தபோதெல்லாம் காரணத்தை உரக்கச் சொல்லிவிட்டு எழுந்தார். 2024-இல் 'ஆடுஜீவிதம்' வரைக்கும் நடித்துக்கொண்டே வந்தார். அந்தப் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன். பேசிய பெண்ணின் துணிச்சலைப் பாராட்டுவது நமக்கு எளிது. அவளுக்காக ஜீப்பிலிருந்து இறங்கத் தயாராவதுதான் கடினம்.

உங்கள் அலுவலகத்தில், பள்ளியில், தெருவில் ஒரு பெண்ணைக் காட்டி 'அவளுக்கு வாய் அதிகம்' என்று யாராவது சொன்னால், அவள் என்ன கேட்டாள் என்று ஒருமுறை விசாரியுங்கள். கேட்டது நியாயம் என்றால் அவள் இல்லாத வண்டியில் ஏறாதீர்கள்.