மீனுக்கும் மூச்சு முட்டும்

2018 நவம்பர் 16. கஜா புயல் கரையேறிய விடியற்காலை. எங்கள் கீரமங்கலத்தில் தென்னை சாய்ந்தது, மின்கம்பம் சாய்ந்தது, கரண்ட் போயே போச்சு. ஊரே குடிதண்ணீருக்கு அலைகிறபோது என் மகள் மட்டும், "அப்பா, மீன் வாயை வாயைத் திறக்குது!" என்றாள்.

பசியாக்கும் என்று தீனியை அள்ளிப் போட்டேன். மகா தப்பு! ஏர் பம்ப் நின்றால் தங்கமீன் மூச்சுக்காகத்தான் மேலே வரும். மிஞ்சின தீனி அழுகி, இருக்கிற ஆக்சிஜனையும் குடித்துவிடும். வளர்ந்த மீன் ஒரு வாரம் பட்டினி தாங்கும். மூச்சில்லாமல்? மறுநாள் இரண்டு மிதந்தன. மகள் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அப்புறம்தான் புத்தி வந்தது. மூடியை எடுத்துவிட்டுத் தண்ணீரைச் சொம்பில் மொண்டு, டீ ஆற்றுகிற மாதிரி உயரத்திலிருந்து ஊற்றினோம். ராத்திரியிலும் முறை வைத்து. (சகதர்மிணியின் முறை வந்தால் எனக்கும் சேர்த்து அர்ச்சனை!) வாயகன்ற அண்டாவுக்கு மாற்றினால் இன்னும் நல்லது, காற்று படும் பரப்பு அதிகம். எங்கள் அண்டாவில் குடிதண்ணீர் இருந்ததால் பெர்மிஷன் கிடைக்கவில்லை. மிச்சம் மூன்றும் பிழைத்தன.

பல நாள் கழித்துக் கரண்ட் வந்ததும் ஃபில்டரை அலசிவிட்டுத்தான் போட்டேன். உள்ளே அழுகியதெல்லாம் தொட்டிக்குள் வந்துவிடுமே!

இப்போதெல்லாம் ஐப்பசி பிறந்தாலே பேட்டரி ஏர் பம்ப் தயார். டார்ச்சுக்குச் செல் தீர்ந்தால், வீட்டில் அதிலிருந்துதான் கழற்றுகிறார்கள்.