மின்துடிப்பும் மனச்சான்றும்

மனச்சான்று என்று ஒன்றில்லை, மூளையின் மின்துடிப்பே உண்டு என்று சொல்வது இன்று அறிவாளிகளின் அடையாளமாகிவிட்டது. 2001இல் ஜோசுவா கிறீன் குழுவினர் செய்த மூளைப்பட ஆய்வையே சான்று காட்டுகிறார்கள். ஐவரைக் காக்க ஒருவரைத் தள்ளிக் கொல்லலாமா என்பது போன்ற கேள்விகளின்போது, உணர்ச்சியோடு தொடர்புடைய மூளைப் பகுதிகள் கூடுதலாக இயங்கின என்றது அந்த ஆய்வு. "கூடாது" என்ற விடை தவறென்று அது நிறுவவில்லை.

கத்தோலிக்க அறநெறி இறையியல் உணர்ச்சியை என்றும் மறுத்ததில்லை. அச்சம் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கலாம். தீமையை நன்மையாக்காது என்பதே அதன் நிலைப்பாடு.

திருகோணமலைக் கடற்கரையில் 2006 ஜனவரி 2ஆம் நாள் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்து இறந்ததாகப் படைத்தரப்பு கூறியது. சூட்டுக் காயங்களை உலகறியச் செய்தவை பத்திரிகையாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள். அதே மாதம் 24ஆம் நாள் அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். சாட்சிகள் சிலர் நாட்டைவிட்டே வெளியேறினார்கள். குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் போதிய சான்றில்லையென 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டனர்.

சுகிர்தராஜன் அச்சமே அறியாதவர் என்று நான் சொல்லமாட்டேன். அஞ்சும் மூளைதான் எல்லோருக்கும். படமெடுத்தவரும் சுட்டவரும் வெறும் மின்துடிப்புகளே என்றால் இருவருக்கும் வேறுபாடு ஏது?

அஞ்சி வாய்மூடியவர் வேறு, அந்த அச்சத்தை விதைத்தவர் வேறு. இருவரின் பொறுப்பையும் இறையியல் தனித்தனியே எடைபோடுகிறது. மூளைப்படத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பவர்களிடம் அதற்கான தராசு இல்லை.