மாடி ஒன்று, மீட்டர் ஆறு: சோலார் மின்சாரத்தை எப்படிப் பங்கு போடுவது?

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்து, பின்னாலேயே ஏ.சி.யும் வந்துவிட்டால் அடுத்த பேச்சு கரண்ட் பில்தான். 'மாடியில் சோலார் போட்டுவிடலாமா?' என்று பலர் கேட்கிறார்கள். தனி வீடு என்றால் சிக்கல் இல்லை. ஆனால் எங்கள் தர்மபுரி டவுனிலும் இப்போது ஒரே கட்டிடத்தில் ஆறு வீடு, எட்டு வீடு என்று வந்துவிட்டது. மாடி ஒன்றுதான். மீட்டர்கள் ஆறு. வரும் கரண்ட் யாருக்கு?

பேனலும் இன்வெர்ட்டரும் கடையில் கிடைக்கின்றன. கிடைக்காதது கணக்கு. ஒரு சாப்ட்வேர் எஞ்சினியராக நான் சொல்வது இதுதான்: யூனிட்டைச் சமமாகப் பிரிக்காதீர்கள், மிச்சமாகும் பணத்தைப் பிரியுங்கள்.

சமம் என்பது சமமா?

நம் ஊர் வெயிலில் 1 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 6 கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 1,440 யூனிட். ஆறு வீட்டுக்கும் சமமாகப் பிரித்தால் தலைக்கு 240. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். கீழ் வீட்டுப் பாட்டி 90 யூனிட்தான் செலவு செய்கிறார் என்றால் அவருக்கு பில்லே கிடையாது. 240 யூனிட் கொடுத்தும் அவர் பில்லில் குறைய எதுவுமில்லை. மேல் வீட்டில் ஏ.சி. ஓடி 620 யூனிட் ஆகிறது. 500-ஐத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறிவிடும். 240 கழித்தால் அவர் 380-க்கு இறங்கிவிடுவார். லாபம் முழுக்க அவருக்கு. பேனலுக்குப் பணம் மட்டும் இருவரும் சமமாகப் போட்டிருப்பார்கள்!

எங்கிருந்து தொடங்கலாம்?

பொது மீட்டரிலிருந்து. தண்ணீர் மோட்டார், மாடிப்படி விளக்கு, லிப்ட் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. இந்த மீட்டருக்கு 100 யூனிட் இலவசம் கிடையாது. 2022 செப்டம்பரில் இதன் கட்டணம் யூனிட்டுக்கு 8 ரூபாய் ஆனது. 10 வீடு, மூன்று மாடிக்கு மிகாத, லிப்ட் இல்லாத கட்டிடங்களுக்கு 2023-ல் 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள். அதன் பிறகு கட்டணம் உயர்ந்திருக்கிறது. ஆகவே இங்கே மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் காசு. மெயின்டெனன்ஸ் தொகை குறையும்போது பாட்டிக்கும் பங்கு கிடைக்கும். மோட்டாரை மட்டும் மறக்காமல் உச்சி வெயிலில் ஓட விடுங்கள்.

மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய 'பி.எம். சூர்ய கர்' திட்டத்தில், குடியிருப்போர் சங்கங்களின் பொது உபயோகத்துக்கு கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. விண்ணப்பிக்கும் முன் இன்றைய விதிமுறைகளை மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்ற ஊர்களில்

ஒரே சோலார் அமைப்பின் யூனிட்டுகளை, முன்கூட்டியே ஒப்புக்கொண்ட விகிதத்தில் பல வீடுகளின் பில்லில் கழிக்கும் முறைக்கு 'விர்ச்சுவல் நெட் மீட்டரிங்' என்று பெயர். தனியாக வயர் இழுக்க வேண்டாம். எல்லாம் பில்லிங் சாப்ட்வேரின் வேலை. டெல்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2019-லேயே இதற்கு விதிகள் வகுத்தது. ஜெர்மனி 2017-ல் வாடகைதாரர்களுக்காகவே ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன்படி மாடி சோலார் கரண்டை வாடகைக்கு இருப்பவருக்கு விற்கும்போது, அந்தப் பகுதியின் அடிப்படைக் கட்டணத்தில் 90 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. நம் ஊரில் வாடகைதாரரிடம் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வைத்ததே விலையாக இருப்பதைப் பார்க்கும்போது, இது நமக்கும் வேண்டும் என்றே தோன்றுகிறது.

கிணற்றுப் பங்கு போல

பங்கு எழுதுவது நமக்குப் புதிதல்ல. தர்மபுரிப் பக்கம் அண்ணன் தம்பிகள் நிலம் பிரிக்கும்போது கிணற்றையும் மோட்டாரையும் பிரிக்க முடியாது. கிணற்றில் இத்தனை பங்கு, மோட்டாரில் இத்தனை பங்கு என்று பத்திரத்தில் எழுதி, முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். நிலத்தை விற்றால் பங்கும் கூடவே போகும். மாடி சோலாருக்கும் இப்படித்தான் எழுத வேண்டும். யார் எவ்வளவு பணம் போட்டார், வீட்டை விற்றால் பங்கு யாருக்கு, வாடகைதாரருக்கு என்ன விலை, பழுது வந்தால் யார் செலவு?

உங்கள் கம்ப்யூட்டருக்கு வேலை

எக்ஸெல்லைத் திறந்து வீட்டுக்கு ஒரு வரிசை போடுங்கள். போட்ட பணம், செலவான யூனிட், சோலார் இல்லாவிட்டால் வந்திருக்கும் பில், இப்போது வந்த பில் என்று நான்கு கட்டங்கள். கடைசி இரண்டின் வித்தியாசம்தான் மிச்சம். பொது மீட்டருக்கும் ஒரு வரிசை வேண்டும். மொத்த மிச்சத்தையும் கூட்டி, பணம் போட்ட விகிதத்தில் பிரியுங்கள். அதிகம் மிச்சம் பிடித்த மேல் வீட்டுக்காரர் மற்றவர்களுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிடுவார். ஒரு பிரிண்ட் எடுத்து மாடிப்படி அருகே ஒட்டிவிடுங்கள்.

பேனல் வாங்குவதற்கு முன்பே, போன வருடத்தின் ஆறு பில்களை வைத்து இதைப் போட்டுப் பாருங்கள். கணக்கு ஆறு வீட்டாருக்கும் சம்மதமா? அப்புறம் பேனல் கடைக்குப் போகலாம்.