எண்ணெய்க்கு மாதச் சூத்திரம், சம்பளத்துக்கு மூன்றரை வருடம்



சம்பளம் போட்ட மறுநாள் தோட்டத்துக்கு வரும் மீன்காரரிடம் ஏன் இந்த விலை என்று கேட்டால், "எண்ணெய் ஏறிட்டுங்க" என்பார். "அப்படின்னா மீன் பிடிக்கிறவங்க இந்நேரம் பணக்காரங்களாகியிருக்கணுமே?" என்று எமது மாதர் கூட்டத்தில் ஓர் அக்கா கேட்டார். அதற்குப் பதில் தேடித்தான் கடந்த பள்ளி விடுமுறையில் எமது கிளையிலிருந்து ஐந்து பேர் மட்டக்களப்புக்குப் போய் வந்தோம். அவர்களில் மூவர் கொழுந்து பறிக்கும் பெண்கள்.

பேராதனையில் தொடங்கி நுவரெலியா, பதுளை வழியாக இறங்கும் ஏ5 வீதி செங்கலடியில் போய் முடிகிறது. அங்கிருந்து மட்டக்களப்பு நகரம் பக்கம்தான். 1977இலும் 1983இலும் வன்செயலுக்குத் தப்பிய எம்மவர் பலர் வன்னிக்கும் கிழக்குக்கும் போய்க் குடியேறினார்கள். ஆக மலைக்கும் வாவிக்கும் உறவு புதிதல்ல. ஆனால் வாவியின் மீன் எமது சட்டிக்கு எப்படி வருகிறது என்று நாம் இதுவரை கேட்டதில்லை.

வாவி கல்முனைப் பக்கத்திலிருந்து ஏறாவூர்ப் பக்கம் வரை ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. உள்ளே தொழில் செய்கிறவர்களில் அநேகருக்குத் தோணிதான். தண்டு வலிக்கக் கை இருந்தால் போதும், எஞ்சின் வேண்டாம். எண்ணெய் ஏறினால் இவர்களுக்கு என்ன என்று நினைத்துக்கொண்டுதான் கரையில் நின்ற முதியவர் ஒருவரிடம் கேட்டோம். அவர் சிரித்தார்.

"தோணி எண்ணெய் குடிக்காது மனே. ஆனா இறால் கரைக்கு வந்தா ஐஸ் இல்லாமத் தாங்குமா? ஐஸ்காரன் கரண்ட் பில்லச் சொல்லி ஏத்துறான். லொறிக்காரன் டீசலச் சொல்லி ஏத்துறான். ஏலத்தில அதெல்லாம் கழிச்சு மிஞ்சினதுதான் எனக்குச் சொல்ற வில. அந்த வில சொல்றது நானில்ல."

எம்மோடு வந்த அக்கா உடனே சொன்னார்: "எங்களுக்கும் அப்புடித்தாங்க ஐயா. கொழுந்துக்கு நாங்க வெல சொல்றதில்ல."

பதில் இதற்குள்ளேயே கிடைத்துவிட்டது. எரிபொருள் ஏறினால் ஐஸ் தொழிற்சாலை, லொறி, ஆலை, மொத்தக்கடை, சில்லறைக்கடை எல்லாருமே அதைத் தங்கள் விலையில் ஏற்றிவிடுகிறார்கள். அப்படி ஏற்ற முடியாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் முதல் முனையில் வலை வீசுகிறவர் அல்லது விதைக்கிறவர். மற்றவர் கடைசி முனையில் நாட்சம்பளத்தில் வாங்கிச் சாப்பிடுகிறவர்.

கடலுக்குப் போகிறவர்களின் நிலைமை இன்னும் கடினம். சிறு படகுகளின் வெளியிணைப்பு எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. 2022 ஆகஸ்ட் மாதம் ஒரே இரவில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. அதே மண்ணெண்ணெய்தான் எமது லயங்களில் விளக்குக்கும் அடுப்புப் பற்றவைக்கவும் போகிறது. அப்போது எமது நாட்சம்பளம் 1000 ரூபா. பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்த ஒரு லீற்றர், விடிந்தபோது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியிருந்தது. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கும் மீனவருக்கும் தோட்டத்துறைக்கும் நேரடிப் பண உதவி தரப்படும் என்று அப்போது சொன்னார்கள். எமது லயத்தில் அந்தப் பணத்தைக் கண்ணால் கண்டவர் இருந்தால் கிளைச் செயலாளரிடம் வந்து சொல்லட்டும், அவர் பெயரை அடுத்த இதழில் போடுகிறோம்.

வாகனம் வைத்திருந்தவருக்கு அந்த வருடம் கியூஆர் கோடு கிடைத்தது, வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்று. அடுப்பு வைத்திருந்தவளுக்கு எந்தக் கோடும் கிடைக்கவில்லை.

வாவிக்கு மேற்கே படுவான்கரைக்கும் போனோம். அறுவடைக் காலம். தார் வீதியின் ஒரு பாதி முழுக்க நெல் காய்ந்து கிடந்தது. நெல் சந்தைப்படுத்தும் சபைக்குக் கொடுக்க வேண்டுமானால் ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. மெசின் வெட்டிய நெல்லில் ஈரம் அதிகம். காயவைக்கக் களமோ உலர்த்தியோ இல்லாதவர், வீதியில் இடமும் கிடைக்காவிட்டால், வயல் வரம்பில் நிற்கும் லொறிக்கு ஈர நெல்லாகவே விற்றுவிடுகிறார். கடனுக்கு வாங்கிய டீசல் காத்திருக்க விடாது. அந்த நெல்லில் பெரும்பங்கு பொலன்னறுவை ஆலைகளுக்குப் போய், மூடையில் அரிசியாகி, சில வேளை கொழும்பு மொத்தச் சந்தை வரை சுற்றி, பிறகு மலை ஏறுகிறது. படுவான்கரையில் விளைந்ததை ஏ5 வீதி வழியே நேராக வாங்கினால் என்ன என்று கேட்டால் எல்லாரும் தலையைச் சொறிகிறார்கள். சுற்றி வந்த டீசலுக்கான காசை மட்டும் தவறாமல் எம்மிடம் வாங்கிவிடுகிறார்கள்.

டீசல் 2021 டிசம்பரில் 121 ரூபா, 2022 ஜூன் கடைசியில் 460 ரூபா. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். முந்தின வருடம் 100 ரூபாவுக்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமான் கிட்டத்தட்ட 195 ரூபா என்று அர்த்தம். மின்சாரத்தில் மாதம் 30 அலகு பாவிக்கும் வீட்டுக்கு 105 ரூபா வந்த பில், 2022 ஆகஸ்டில் 360 ரூபாவாகவும் 2023 பெப்ரவரியில் 1300 ரூபாவாகவும் ஆனது. அதன் பிறகு மின்கட்டணம் இறங்கியது, மண்ணெண்ணெயும் இறங்கியது. உண்மைதான். ஆனால் 87 ரூபாவுக்கு யாரும் திரும்பி வரவில்லை.

இந்த நேரத்தில் எமது அடுப்பு எதில் எரிந்தது? கவ்வாத்து வெட்டிய மிலாறிலும், கானோரத்தில் பொறுக்கிய விறகிலும். பன்னிரண்டரை கிலோ காஸ் சிலிண்டர் 4860 ரூபா விற்றபோது அது ஐந்து நாள் பேருக்குச் சமம். எரிபொருள் இல்லாமல் மூடிக் கிடந்த பள்ளிக்கூடங்கள் திறந்த பிறகும், எமது வகுப்பில் பெரிய வகுப்புப் பெண்பிள்ளைகள் கிழமையில் ஒன்றிரண்டு நாள் வரவில்லை. கேட்டால் "விறகுக்குப் போனேன் சேர்" என்பார்கள். நாட்டின் எரிசக்திக் கணக்கில் அந்தப் பிள்ளையின் தலைச்சுமைக்கு விலை இல்லை. தொழிற்சாலையில் ஒரு கிலோ தேயிலைக்கு நாலைந்து கிலோ பச்சைக் கொழுந்தை வாட்டிக் காயவைக்க வேண்டும். அந்த உலைக்குப் போகும் விறகு மட்டும் கம்பனியின் உற்பத்திச் செலவில் ஒழுங்காக ஏறுகிறது. சம்பளப் பேச்சுக்குப் போகும்போதெல்லாம் அந்தச் செலவைத்தான் எம் முன்னால் விரித்து வைக்கிறார்கள். எமது அடுப்பு விறகை நாம் ஒருநாளும் மேசையில் வைத்ததில்லை. அது எமது தவறு, தொழிற்சங்கங்கள் எல்லாவற்றினதும் தவறு.

மானியம் கொடுத்துத்தான் நாடு விழுந்தது, விலை செலவைக் காட்ட வேண்டும் என்று சர்வதேச நாணய நிதியமும் அரசாங்கமும் சொல்கின்றன. சரி, வாதத்துக்காக ஒப்புக்கொள்வோம். எரிபொருளுக்கு ஒரு சூத்திரம் வைத்து மாதா மாதம் விலையைத் திருத்துகிறார்கள். அப்படியானால் உழைப்பின் விலையும் செலவைக் காட்ட வேண்டாமா? 2021 மார்ச்சில் 1000 ரூபாவான நாட்சம்பளம் 1350 ஆனது 2024 செப்டெம்பரில். எண்ணெய்க்கு முப்பது நாள், எமக்கு மூன்றரை வருடம். அதுவும் வர்த்தமானி, வழக்கு, ஊர்வலம் எல்லாம் தாண்டி.

ஆகவே நாம் கேட்பது மீண்டும் ஒரு மொத்தத் தொகை அல்ல. அரிசி, கோதுமை மா, பருப்பு, கருவாடு, மண்ணெண்ணெய், காஸ், மின்சாரம் இவற்றின் விலையோடு நாட்சம்பளம் தானாக ஏறும் ஒரு சூத்திரம் சம்பள நிர்ணய சபையில் வேண்டும். கோதுமை வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிறது, பருப்பும் அப்படியே. கடல் கடந்து வரும் எண்ணெய்ச் செலவு எமது ரொட்டியிலும் இருக்கிறது, அதையும் எண்ணத்தான் வேண்டும். "கம்பனி தாங்காது" என்பார்கள். எண்ணெய் விலை ஏறியபோது எமது பானை தாங்குமா என்று யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது கோரிக்கை வாவிக்கரையில் பேசிவிட்டு வந்தது. அங்குள்ள மீனவர் சங்கம் ஒன்று கருவாடும், விவசாயிகள் சிலர் புழுங்கலரிசியும் நேராகத் தோட்டக் கூட்டுறவுக் கடைக்குத் தர முடியும் என்கிறார்கள். கருவாட்டுக்கு ஐஸும் வேண்டாம், வெயில் போதும். லொறி வாடகையை இரண்டு தோட்டங்கள் பங்கு போட வேண்டும். விலை பேசி முடியவில்லை. அவர்கள் கேட்ட விலை எமக்குக் கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் அதை அவர்களே சொன்னார்கள். அடுத்த கூட்டத்தில் முடிவெடுப்போம்.

அதற்கு முன்பு ஒரு வேலை இருக்கிறது. வருகிற மாதம் முதலாம் திகதியிலிருந்து முப்பது நாளைக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கொப்பித் தாளில் எழுதி வையுங்கள்: எத்தனை கட்டு விறகு, அதைக் கொண்டுவர எத்தனை மணித்தியாலம், யார் போனது, எத்தனை போத்தல் மண்ணெண்ணெய், மின்சார பில் எவ்வளவு. எழுத முடியாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுதுங்கள். ஏழாம், எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நாம் இதையே கணிதப் பாட வேலையாகக் கொடுத்திருக்கிறோம். தாள்களைப் பிரட்டுக்களத்தில் தலைவியிடம் கொடுத்தால் போதும். சம்பளப் பேச்சு மேசைக்கு இந்த முறை அந்தக் கட்டையும் தூக்கிக்கொண்டு போகிறோம்.